சிவசுப்பிரமணியம் வெருட்டிய ஒரு தடவை

நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட மருந்துச்சாலையில் டிஸ்பென்சராயிருந்த சிவசுப்பிரமணியம் போக்கர் விளையாட உட்கார்ந்தால், மலை ஓரங்குலம் வளர்ந்த பிறகுதான் ஒரு தீக்குச்சியை முன்னே தள்ளுவார். பந்தயம் தீக்குச்சிதான். கையில் நல்ல சீட்டுக் கடுதாசி வராவிட்டால் கவிழ்த்துவிட்டுத் தேநீர் குடிப்பார். பொய்க்கும் அவருக்கும் வெகுதூரம்.

ஐம்பதாம் ஆண்டில், பதுளையில் மொஹிதீன் நானாவின் புடவைக்கடைப் பின்னறையில் ஞாயிறுதோறும் ஆறு பேர் கூடினார்கள். ஆறு பேரில் வெறுங்கையோடு துள்ளுகிறவர் எப்படியும் மாட்டிக்கொள்வார். சிவசுப்பிரமணியத்தின் பொறுமை வென்றது. பிறகு அந்த ஆறு பேரில் தபாலதிபர் மாற்றலாகிப் போனார். அரசாங்கத்தின் சிங்களச் சோதனை எழுத மறுத்த இரண்டு கிளாக்கர்மார் யாழ்ப்பாணம் திரும்பினார்கள். ஐம்பத்தெட்டுக் கலவரத்தோடு சங்கீத வாத்தியாரும் போய்விட்டார்.

நானாவும் அவருமாக இருவர் மட்டும் ஆனதும் சிவசுப்பிரமணியம் தோற்றுக்கொண்டே இருந்தார். அந்த வருடம் நானா வீட்டில் தீப்பெட்டியே வாங்கவில்லையாம்.

"ரெண்டு பேருக்கு எங்க டொக்டர் நல்ல காட்ஸ் வரும்? ஒண்டுமில்லாட்டியும் இருக்கிற மாதிரி வெருட்டணும்" என்றார் நானா.

"எனக்கு அது வராது, நானா."

அறுபத்தொன்றில் நானாவின் வயிற்றில் ஒரு கட்டி. கொழும்புக்குப் போய் வெட்டி எடுக்காவிட்டால் ஆள் தப்பாது என்று சிவசுப்பிரமணியத்துக்குத் தெரியும். நானாவோ கத்திக்குப் பயந்தார். கெஞ்சியும் அசையவில்லை. கடைசியில் ஒரே ஆட்டத்தில் தீர்ப்பதென்று பேசிக்கொண்டார்கள்: டிஸ்பென்சர் வென்றால் நானா ரயிலேற வேண்டும், நானா வென்றால் டிஸ்பென்சர் தம்முடைய கசப்பு மருந்தில் ஒரு போத்தல் குடிக்க வேண்டும்.

சிவசுப்பிரமணியத்துக்கு வந்தவை ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்து கடுதாசிகள். இருந்த தீக்குச்சிகளையெல்லாம் முன்னே தள்ளினார். நானா அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டுத் தம்முடையதைக் கவிழ்த்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

சத்திரசிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் நானா கொழும்பிலேயே மௌத்தானார்.

அவர் மனைவி நளீரா கைம்பெண்ணாய் வீட்டுக்குள் இருக்கும் இத்தா முடிய நான்கு மாதமும் பத்து நாளும். அத்தனை நாளும் சிவசுப்பிரமணியம் அந்த வெறுங்கையைப் பற்றிச் சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய், கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். அவர் வாய் திறக்குமுன் நளீரா பேசினாள்.

"ரயில்ல முழுக்க ஒங்கட பேச்சுத்தான். 'டொக்டருக்கு வெருட்டத் தெரியாது. அவருக்கே காட்ஸ் வந்தீந்தா, நான் போறது அல்லாஹ்ட நாட்டம்' எண்டாரு. பயமில்லாமப் போனாரு." பிறகு கேட்டாள்: "அப்படி என்ன காட்ஸ் வந்திச்சி டொக்டர்?"

சிவசுப்பிரமணியம் திரைச்சீலையின் பூக்களைப் பார்த்தார்.

"மூண்டு ராணி, தங்கச்சி" என்றார்.