கள்ளல்ல, இருதயம்

போதும், இனியும் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன்.

என் கால் வீங்கி, வயிறு உப்பியதும் உருத்திரபுரமே என்னைக் கள்ளுக்குடியன் என்றது. அந்தக் கதையைக் கட்டியவர் என் மச்சான்.

இன்று அவரே என்னைச் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். டொக்டர் என் காலை விரலால் அமுக்கினார், குழி விழுந்தது. கழுத்து நரம்பு புடைத்திருப்பதையும் பார்த்தார்.

"கள்ளுத்தானே, டொக்டர்?" என்றார் மச்சான்.

"இல்லை. இருதயத்தின்ரை வலப்பக்கம் களைச்சுப் போச்சு. வாய்க்கால் இழுக்காட்டித் தண்ணி வயலிலை தேங்குமெல்லே, அப்பிடித்தான். தேங்கின தண்ணி சலமாப் போகக் குளிசை தாறன். உப்பைக் குறையுங்கோ. கருவாடு கூடவே கூடாது."

கிழமை தவறாமல் எனக்கு நாயாற்றுக் கருவாடு கொண்டுவந்தவர் யார்? மச்சான்தான்!

திரும்பும் வழி முழுக்க அவர் மிதித்தார், நான் சிரித்தேன்.

ஊர் வாசிகசாலை அறிவித்தல் பலகையில் இதைப் பெயர் போடாமலே ஒட்டுகிறேன். மறுப்பிருந்தால் கீழே எழுதுங்கள், மச்சான்.