ஆளில்லாத வீட்டுக்குச் சோலைவரி

வீட்டில் ஈ, காக்கைகூட இல்லை. குப்பை வாளிக்குள் ஒரு வாழைப்பழத் தோல் இல்லை. அதற்குள் கவுன்சிலிலிருந்து வரி கட்டச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் சோலைவரி என்போம்; மெல்பேர்னில் ரேட்ஸ். பேர்தான் வேறு, பிடுங்கல் ஒன்றுதான்.

கிளென் வேவர்லியில் அந்த வீட்டை வாங்கியதே மகளின் பள்ளிக்கூடத்துக்காக. அந்தப் பள்ளிக்கூடத்துக்கென்று வகுத்த எல்லைக்குள் குடியிருந்தால்தான் அங்கே இடம். கார்த்திகையில் சாவி கிடைத்தது. கார்ப்பெட் போட்ட அன்று, அடுப்பு எரிகிறதா என்று பார்க்கத் தேநீருக்குப் பால் வைத்தேன். கார்ப்பெட்காரனோடு கதைத்துக்கொண்டு நின்றதில் அது பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் கருகியது. மனைவி என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். மிச்ச வேலைகள் முடிவதற்குள் மார்கழி பிறந்துவிட்டது.

“மார்கழியில குடிபூரக் கூடாது. தை பிறக்கட்டும், பால் காய்ச்சிப்போட்டுப் போவம்” என்றாள்.

நான் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆளே இல்லாத வீட்டுக்கு எதற்கு வரி? வீடு உங்களுடையதென்றால் வரியும் உங்களுடையது, குடியிருப்பதும் பூட்டி வைப்பதும் உங்கள் விருப்பம் என்றாள் அங்கிருந்த பெண், குழந்தைக்குச் சொல்வதுபோல. குப்பை அள்ளுவதற்கும் சேர்த்துத்தானே வரி, வாளியைத் தொடவே இல்லையே என்றேன். வாளி வாசலில் நிற்கிறதா என்று கேட்டாள். நிற்கிறது என்றேன். அப்படியென்றால் சரி என்றாள். என்ன சரி? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டித் தொலைத்த வரி பள்ளிக்கூடத்துக்காவது உதவட்டும் என்று அந்தக் கடிதத்தையே அத்தாட்சியாகக் கொண்டுபோனேன். பள்ளிக்கூட அலுவலகப் பெண் அதைப் பார்த்துவிட்டு, வீடு உங்களுடையது, சரி, ஆனால் அங்கே இருக்கிறீர்களா என்றாள். பொய் வாயில் வரவில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு மூடுமுன், குடியேறிவிட்டோம் என்று சத்தியக் கடதாசி தராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்றாள். வரி கட்டுவதற்கு வீட்டில் இருக்க வேண்டாமாம், படிப்பதற்கு இருக்க வேண்டுமாம்!

வந்து மனைவியிடம் கத்தினேன். “உம்முடைய மார்கழியால பிள்ளையின்ர படிப்புப் போகப்போகுது!”

மகள் கதவடியில் நின்று, “அம்மா, ப்ளீஸ்” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. மனைவி குசினிக்குள் அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

“அண்டைக்கு நீங்கள் பால் பொங்க விட்டது கார்த்திகையிலதானே?”

“ஓம். அதுக்கென்ன இப்ப?”

“புது வீட்டில பால் பொங்கினாச் சரி. நாங்கள் கார்த்திகையிலயே குடிபூந்தாச்சு. பெட்டியளைக் கட்டுங்கோ.”

வியாழக்கிழமை மெத்தைகளோடு போய் இறங்கினோம். மகளுக்கு இடம் கிடைத்தது. அடுப்பிலிருந்த அந்தக் கறையைச் சுரண்ட மனைவி என்னை விடவே இல்லை. ஆனால் கவுன்சில்மீது என் ஆத்திரம் ஆறவில்லை. அடுத்த கடிதம் வந்ததும் பழைய கதையை எடுத்தேன்.

“ஆளில்லாத வீட்டுக்கே வாங்கினவங்கள், கொள்ளைக்காரர்!”

“ஆர் சொன்னது ஆளில்லையெண்டு?” என்றாள் மனைவி. “கார்த்திகையில இருந்து நாங்கள் இஞ்சதானே இருக்கிறம். பேசாமல் கட்டுங்கோ.”