மேற்கில் உதித்த சூரியன்

நானும் மனைவியும் உம்றா யாத்திரைக்குப் போன நாள். கல்முனையிலிருந்து விமான நிலையத்துக்கு வேனில் வந்த நேரத்தை விட, ஜித்தாவுக்குப் பறக்கும் ஆறு மணித்தியாலம் குறைவுதான்.

வேனிலேயே அவள், "செஞ்ச பாவங்களுக்கு அல்லாஹ்ட்ட தௌபாக் கேளுங்களன்" என்றாள்.

"மக்காவுக்குத்தானே போறம், அங்க போய்க் கேப்பம்" என்றேன்.

விமானம் ஓடத் தொடங்கியபோது சூரியன் மறைந்துவிட்டது. மேலே ஏறியதும் ஜன்னல் சிவந்தது. மறைந்த சூரியன் மேற்கிலிருந்து மெல்ல எழும்பி வந்தது.

மேற்கில் சூரியன் உதித்தால் உலக முடிவான கியாமத் வந்துவிட்டது, தௌபாவின் வாசல் மூடிவிடும் என்று சிறுவயதில் ஓதியிருக்கிறேன்.

மனைவி என் கையை இறுக்கினாள். "மகள்ட வாப்பா, வாசல் பூட்டியாச்சா?"

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "பயப்படாதீங்க காக்கா. பிளேன் உயர எழும்பினா மறைஞ்ச சூரியன் திரும்பவும் தெரியும். இப்ப போயிரும்."

அது உடனே போகவில்லை. நாங்களும் மேற்கே பறந்ததால், ஜன்னலில் நெடுநேரம் என்னைப் பார்த்தபடியே நின்றது. அது இரண்டாம் முறை மறையும்வரை, அழுதழுது தௌபாக் கேட்டேன்.

இப்போதும் ஊரில் சூரியன் வயல் பக்கம் இறங்கும்போது, அது முழுதாக மறையுமுன் கேட்டுவிடுகிறேன். மறைந்த பிறகும் கொஞ்சநேரம் மேற்கைப் பார்த்து நிற்கிறேன்.