கருவேல மரத்தில் துண்டு இல்லாத காலை

எங்கள் கண்மாயில் தாமரை பறிக்க இறங்குகிறவர், கரையில் நிற்கும் கருவேல மரத்தில் தன் துண்டைப் போட்டுவிட்டுத்தான் இறங்குவார். முள்ளில் குத்திவிட்டால் எந்தக் காற்றுக்கும் அது பறக்காது. மேலேறியதும் அதே துண்டால் உடம்பைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு போவார். மரத்தில் இரண்டு துண்டு கிடந்தால் தண்ணீருக்குள் இரண்டு பேர். அவர்கள் ஏறும்வரை கரையில் இருப்பவர் வீட்டுக்குப் போகமாட்டார். துண்டு இல்லையென்றால் ஆள் இல்லை. இதை யாரும் யாருக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

இதற்கு இன்னொரு பாதியும் உண்டு. அதை மட்டும், எனக்குக் கல்யாணமான புதிதில் மாமியார் சொன்னார்.

"மரத்துல துண்டு இல்லாதப்ப தண்ணிக்குள்ளேருந்து யாராச்சும் கூப்பிட்டா, ஏன்னு கேக்காத. திரும்பியும் பாக்காத. நேரா வீட்டுக்கு வந்துரு."

காரணத்தை நான் கேட்கவில்லை. எதையும் வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் லாரி டியூபின் நடுவில் பலகை கட்டி, அதில் உட்கார்ந்து மொட்டுப் பறிப்பார். விடியும்போது இறங்குவார். நான் கஞ்சியோடு போய், அவர் கொண்டுவரும் மொட்டுகளைக் கட்டுகளாகக் கட்டுவேன். இருவரும் திருமயம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வருவோம். வருடக்கணக்காக இப்படித்தான்.

நல்ல மழை பெய்து கண்மாய் நிரம்பிய வருடம், பக்கத்து ஊரின் பெரிய வீட்டுத் தம்பி சென்னையிலிருந்து காருக்குப் பின்னால் ஒரு மோட்டார் படகை இழுத்து வந்தார். மாடு இறங்கும் சரிவில் அதை இறக்கினார். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது.

"கடலு தூரமாம். அதான் நம்ம கம்மாய்க்கே அலையக் கொண்டாந்துட்டாரு" என்றார் டீக்கடைக்காரர்.

படகின் வேலையே அலை கிளப்புவதுதான். பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பலகையில் நிற்பார். அவர் ஏறி விளையாட அலை வேண்டும். தண்ணீர் அசையாமல் இருக்கும் காலை நேரம்தான் அதற்குச் சரி என்றார்கள். எங்களுக்கும் அதுதான் நேரம்.

என் வீட்டுக்காரர் ஒருநாள் சரிவில் நின்று அவரிடம் பேசினார். அந்தத் தம்பி மரியாதையானவர்தான்.

"தாமரைப் பக்கமே நான் வர்றதில்லையேண்ணே. தள்ளித்தான் ஓட்டுறேன்."

"நீங்க வரல தம்பி. ஒங்க அலை வருதுல்ல."

அவர் சிரித்தார். மெதுவாக ஓட்டுவதாகச் சொன்னார். இரண்டு நாள் மெதுவாகவும் ஓட்டினார்.

அந்தப் பேச்சின்போது அவர் கருவேல மரத்தில் ஒரு கையை ஊன்றி நின்றார். முழங்கைக்குப் பக்கத்திலேயே வேறொருவரின் துண்டு கிடந்தது. 'அதைத் தொடாதீங்க, அது எதற்கென்றால்' என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆம்பிளைகள் பேசும் இடத்தில் நாம் எதற்கு என்று விட்டுவிட்டேன். அவருக்கு யாருமே சொல்லவில்லை. தெரியாத மனிதர் ஒருவர் இருக்கக்கூடும் என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை.

மார்கழியில் ஒருநாள். கரையேறியபோது பனியில் பாதிக் கண்மாய் தெரியவில்லை. படகு சரிவில் கட்டிக் கிடந்தது, அதில் ஆளில்லை. மரத்தைப் பார்த்தேன். துண்டு இல்லை.

சீக்கிரம் ஏறி முதல் பஸ்ஸுக்கே பூவைக் கொண்டுபோய்விட்டார் போல என்று நினைத்தேன். ஆனாலும் கால் நகரவில்லை. காற்று துளியும் இல்லை, கரையில் மட்டும் அலை அடித்துக்கொண்டிருந்தது. சின்னக் கண்மாய். படகு நின்ற பிறகும் அலை இந்தக் கரையில் மோதி அந்தக் கரைக்குப் போகும், அங்கே மோதித் திரும்பி வரும். கருவேல மரத்தின் வேர்கள் மண் கரைந்து வெளியே தெரிந்தன. தாமரை இலைகள் ஒரே பக்கமாகப் புரண்டு, வெளுத்த அடிப்பக்கத்தைக் காட்டின. ஒரு கொக்குகூட இல்லை.

"இந்தா..."

இடது கைப்பக்கம், மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு இருக்கும் திசையிலிருந்து அந்தக் குரல் வந்தது. என் வீட்டுக்காரர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். குரலும் அவருடையதுதான்.

மரத்தை மறுபடி பார்த்தேன். வெறும் முள்.

"இந்தா..."

நான் பதில் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. தூக்குவாளியை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தேன். நல்லவேளை மாமியார் சொல்லிவைத்தார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். இதை எழுதும்போதும் அந்த நன்றிதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

டீக்கடையில் கார் நின்றது. அந்தத் தம்பி டீ குடித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்திருக்க, சீட்டின்மேல் ஈரத்துணி ஒன்று சுருண்டு கிடந்தது. அதன் ஓரத்தில் சிவப்பு ஒட்டு. என் பழைய ரவிக்கையைக் கிழித்து நானே போட்ட ஒட்டு.

"அது எங்க துண்டு" என்றேன்.

"ஐயோ, ஒங்களோடதாக்கா? சாரிக்கா. மரத்துல பழசு கெடக்குதேன்னு போட் சீட்டத் தொடைக்க எடுத்தேன்."

"எப்ப எடுத்தீங்க?"

"காலையில, போட்ட எறக்கும்போது. பனி அதிகமாயிருச்சு, ரெண்டு ரவுண்டோட வந்துட்டேன். ஏங்க்கா?"

டீக்கடைக்காரர் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. "தம்பி, ஆளு உள்ள இருக்கு" என்றார்.

தூக்குவாளியை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. ஓடும்போது நான் கத்தினேனாம். என் சத்தத்தை அன்றுதான் முதன்முதலில் கேட்டதாக டீக்கடைக்காரர் பிறகு சொன்னார்.

அந்தத் தம்பிதான் படகை எடுத்தார். இலைகளுக்குப் பக்கம் வந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பால் தள்ளினார். வலது பக்கம், பழைய மடையின் இரண்டு கல்தூண்கள் தண்ணீருக்குள் நிற்கும் இடத்தில், என் வீட்டுக்காரர் ஒரு தூணைக் கட்டிப்பிடித்திருந்தார். காலைத் தாமரைத் தண்டுகள் சுற்றியிருந்தன. முதல் அலையைச் சமாளித்துவிட்டார். கரையில் மோதித் திரும்பிய அலைதான் டியூபைக் கவிழ்த்தது. அவரைப் படகில் ஏற்றியபோது உதடு நீலமாக இருந்தது. அந்தத் தம்பி அழுதுகொண்டே தன் சட்டையைக் கழற்றி அவர்மேல் போர்த்தினார்.

இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த பிறகு அவர் என்னிடம் சொன்னார்.

"நீ வந்த. பனியில ஒஞ் சேலை செவப்பு மட்டும் தெரிஞ்சுச்சு. நின்ன, பாத்த, போயிட்ட."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "கூப்பிட்டீங்க, கேட்டுச்சு. துண்டு இல்லைன்னுதான்..."

"எங்க கூப்பிட்டேன்? வாயத் தொறந்தா தண்ணி. ஒரு சத்தம் வரலயே."



ஊரில் கூட்டம் போட்டார்கள். படகே கூடாது என்றார்கள் சிலர். கடைசியில், மரத்தில் ஒரு துண்டு கிடந்தாலும் படகை அவிழ்க்கக்கூடாது என்று முடிவானது. அந்தத் தம்பி கையெடுத்துக் கும்பிட்டு ஒத்துக்கொண்டார். படகில் போகும்போது தானும் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போனார். மெத்தைபோல் தடித்த வெள்ளைத் துண்டு.

"இதப் போத்திக்கிட்டுத் தூங்கலாம்போல இருக்கே" என்று கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார்.

அடுத்த மார்கழியில் ஒருநாள், கட்டுகளைக் கட்டி முடித்தோம். என் வீட்டுக்காரர் மேலுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு, துண்டை என் கையில் கொடுத்துவிட்டு, பூவோடு பஸ்ஸுக்குப் போனார். கரையில் நான் மட்டும். தண்ணீரில் யாரும் இல்லை. மரத்தில் முள் மட்டும்.

கலுங்குப் பக்கமிருந்து, மெதுவாக, "இந்தா..."

இந்த முறை நான் திரும்பினேன். பனிதான் இருந்தது. "இருக்கேன்" என்று சத்தமாகச் சொன்னேன். பிறகு அந்த ஒட்டுப்போட்ட துண்டை முள்ளில் குத்திவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தத் தம்பி வந்தார். மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணன் இப்பத்தானேக்கா ரோட்டுல போறாரு. உள்ள வேற யாரு?"

"தெரியல தம்பி. ஆனா ஆளு இருக்கு."

அவர் கலுங்குப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படகுக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தார். நானும் தள்ளி உட்கார்ந்தேன்.