கரண்ட் போன மத்தியானம் ஊதுன இஞ்சினுங்க

கருப்புக் கயிறு கட்ட வந்தா கையத் தட்டிவுடற ஆளு தம்பி நான். எங்க வாசல்ல எவளோ எலுமிச்சம்பழம் வச்சிட்டுப் போனான்னு தெருவே பயந்துக்கினு நின்னப்ப, அத எடுத்துக் கழுவி ஜூஸ் போட்டுக் குடிச்சவ. அதனால நான் சொல்றதக் கேட்டுட்டு இந்தம்மாவுக்கு மூள கலங்கிடுச்சின்னு நெனச்சா நெனச்சிக்குங்க, எனக்கு ஒன்னும் கோவம் இல்ல. நீங்க பாட்டுக்கு ஷோகேஸ்ல இருக்கற பொம்ம ரயில் இஞ்சினுங்கள ஒவ்வொன்னா எடுத்து ஊதிப் பாத்துட்டு, விசில் எல்லாம் அடச்சிக்கினு இருக்கு, சுத்தம் பண்ணணும்ங்கறீங்க பாருங்க, அதுக்காகத்தான் சொல்றேன். அடைக்கல. கைய வச்சிப் பாருங்க, காத்து போவுது. சத்தம் மட்டும்தான் வராது.

எங்க வூட்டுக்காரரு மில்லுல ஸ்பின்னிங்ல இருந்தவரு. மில்லு மூடுனதும் இஸ்மாயில் பாய் கடையில பழைய சாமானுக்கு பாலிஷ் போடப் போனாரு. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு வந்தவங்க வூட்ட இங்க சொல்தா வூடும்போம். அந்த வூட்டுங்கள காலி பண்ணும்போது பீரோ கட்டிலோட, அவங்க வூட்டுப் புள்ளைங்க வெளையாடுன ரயில் இஞ்சினும் வரும். பொம்மதான், ஆனா நெஜமா தண்ணி ஊத்தி கீழ ஸ்பிரிட் வெளக்கு ஏத்துனா ஆவியில ஓடும். ஒடஞ்சது, துருப்புடிச்சது, எவனும் வாணாம்னு ஒதுக்குனதெல்லாம் எங்க ஷோகேஸுக்கு வந்துடும். எங்களுக்குப் புள்ள இல்ல, அந்த எடத்துல இது இருந்துட்டுப் போவுதுன்னு வுட்டுட்டேன். வுட்டுட்டேன்னா திட்டாம இல்ல, தெனம் திட்டுவேன்.

எந்தக் கம்பெனி செஞ்சதுன்னு கண்டுபுடிக்கறதுல அவருக்கு ஒரு பைத்தியம். "மேல பெயின்ட் எவன் வேணா அடிப்பான் செல்வி, திருப்பி அடியப் பாரு, ஜாதகம் அங்கதான் கீது"ன்னுவாரு. இங்கிலீஷ்காரன் இஞ்சின் கனமா இருக்கும், எல்லாத்துக்கும் ஸ்குரூ. பிரெஞ்சுக்காரன் மெல்லிசு தகடு, ஓரத்த வளச்சி மடிச்சி வுட்டுருப்பான். ஜெர்மன்ல ரெண்டு கம்பெனி, பெரிசு முத்திரய மூஞ்சியிலயே குத்தியிருக்கும், சின்னது அடியில ஒளிச்சி வச்சிருக்கும். எது வந்தாலும் மொதல்ல பாய்லர் மூடியக் கழட்டிட்டு வாய வச்சி ஒரு ஊது ஊதுவாரு. ஓட்ட இருந்தா காத்து கசியும், இல்லன்னா விசில் அடிக்கும். இந்த வூட்டுக்கு வந்த அத்தினி இஞ்சின்லயும் அவரு மூச்சு போயிருக்கு.

அப்பறம் அந்த மூச்சே இல்லாமப் போச்சு. மில்லுல தின்ன பஞ்சுத் தூசின்னாங்க. ஆஸ்பத்திரியில பாத்துட்டு, இனிமே சரியாவறதுக்கு ஒன்னும் இல்லம்மா, மிஷின வச்சி ஓட்டுற வரைக்கும் ஓட்டுங்கன்னுட்டாங்க. ஆக்சிஜன் மிஷின், கரண்ட்ல ஓடும், மூக்குல குழாய். அதுக்கப்பறம் அவரு வாசல்கூட தாண்டல. மத்தியானத்துல அவருக்குப் பொழுது போவணுமேன்னு நான் ஷோகேஸ் பக்கம் நின்னு ஒரு இஞ்சின எடுத்து ஊதுவேன், அவரு கட்டில்ல கண்ண மூடிக்கினு எந்தக் கம்பெனின்னு சொல்லணும். "பெரிய ஜெர்மன்." "இது இங்கிலீஷ், சளி புடிச்ச தொண்ட அவனுக்கு." தப்பே வராது. நான் வேணும்னே ஒரே இஞ்சின ரெண்டு வாட்டி ஊதுவேன், "ஏமாத்துறியாடி"ன்னு சிரிக்கப் போயி இருமல் புடிச்சிக்கும்.

ஒரு சனிக்கெழம, நல்ல வெயில், சோறு வடிச்சிக்கினு இருக்கேன், கரண்ட் போச்சு. அந்த மாதிரி நேரத்துக்குன்னு ரொப்பி வச்சிருந்த சின்ன சிலிண்டரத் தொறந்தா காத்தே வரல, எங்க கசிஞ்சதோ தெரியல. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டா, கெளம்பிட்டோம்மா, டூரிஸ்ட் வண்டிங்க ரோட்ட அடச்சிக்கினு கீதுங்கறான். இங்க அவரு ஒதடு நீலமாயிடுச்சி. தெருவுல ஓடி கதவு கதவாத் தட்டுறேன், கார் வச்சிருக்கறவங்க வூடு பூட்டிக் கெடக்கு. திரும்பி ஓடி வந்து படி ஏறும்போது கேட்டுச்சு. உள்ள விசில் அடிக்குது.

எவனோ பூந்துட்டான்னுதான் நெனச்சேன். போய்ப் பாத்தா அவரத் தவிர வேற ஆளே இல்ல. ஷோகேஸ் கண்ணாடி மூடிக் கெடக்கு, உள்ள சொட்டுத் தண்ணி இல்லாத, வெளக்கு ஏத்தாத இஞ்சின் ஊதுது. அது நின்னுச்சு, பக்கத்துல இருந்தது ஊதுச்சு. அப்பதான் கட்டில் பக்கம் திரும்புறேன், இஞ்சின் ஊதும்போது அவரு நெஞ்சு ஏறுது, நின்னா எறங்குது. ஒதடு அசையுது. கிட்ட போயி காத வச்சேன். "சின்ன ஜெர்மன்"ங்கறாரு. அடுத்தது ஊதுச்சு. "இங்கிலீஷ்." நம்புங்க, நம்பாதீங்க, வரிச முடியற வரைக்கும் ஒன்னு வுடாம சொன்னாரு. நான் சாமி பேரக்கூட சொல்லல, அவரு கையப் புடிச்சிக்கினு, இன்னும் எத்தினி பாக்கி கீதுன்னு ஷோகேஸயே பாத்துக்கினு இருந்தேன். கடைசி இஞ்சின் ஊதி ஓயும்போது ஃபேன் சுத்துச்சு, மிஷின் கத்திட்டு ஓட ஆரம்பிச்சுது.

அவருக்கு ஒன்னும் ஞாபகம் இல்ல. "நீ ஊதுன, நான் சொன்னேன், அவ்ளோதான"ன்னாரு. சாயங்காலமா ஒவ்வொன்னா எடுத்து ஊதிப் பாத்தேன். எல்லாம் ஊமையாயிருந்துச்சு.

தப்புனது ஒன்னே ஒன்னு. பிரெஞ்சு இஞ்சின், அவரு ஊதிப் பாத்ததுதான், சக்கரத்த ஈயம் வச்சிப் பத்தவைக்கணும்னு பாய் கடையில கெடந்துச்சு. கொண்டாரச் சொன்னேன். பாய் வந்து, "சக்கரம் ரெடி தங்கச்சி, விசில் எப்படி கீதுன்னு பாப்போம்"னு வாய்கிட்ட கொண்டு போனாரு. நான் புடுங்குன புடுங்குல தகடு அவரு வெரலக் கிழிச்சிடுச்சி. "இன்னாம்மா ஆச்சு உனக்கு"ன்னு மலச்சி நிக்கறாரு. என்னன்னு சொல்லுவேன். என் புருசனுக்கு வெளிய ஒரே ஒரு மூச்சு மிச்சம் கீது, அத நீங்க ஊதித் தீத்துடாதீங்க பாய்னா? மன்னிச்சிக்குங்கன்னேன், மஞ்சள் வச்சிக் கட்டிவுட்டேன். இஞ்சின துண்டுல சுத்திக் கட்டிலுக்கு அடியில வச்சேன்.

மழக்காலத்துல அவருக்கு சளி கட்டிக்கிச்சு, ஆஸ்பத்திரியில சேத்தோம். இஞ்சினப் பையில போட்டுக்கினு போயி தலமாட்டுல வச்சேன். நர்ஸ் பொண்ணு, "பேரனுக்கு வாங்குனீங்களாம்மா"ன்னு சிரிச்சிது. அங்க கரண்ட் போவல, மிஷின் எல்லாம் சரியாத்தான் ஓடுச்சு. ஆனா அவரு மூச்சு மட்டும் கொறஞ்சிக்கினே வந்துச்சு. நானே வாய வச்சி ஊதியிருக்கலாமேம்பீங்க. என் மூச்சு உள்ள போயி அவரு மூச்ச வெளிய தள்ளிட்டா? அந்த பயத்துல தொடல. கெஞ்சினேன். பக்கத்து பெட்டுக்காரங்கல்லாம் பாக்க, வெக்கத்த வுட்டு அந்தத் தகரத்துகிட்ட கெஞ்சினேன், ஒரு வாட்டி ஊதேன், ஒரே வாட்டின்னு. ஊதல. டாக்டர் வந்து பாத்துட்டு, முடிஞ்சிடுச்சும்மான்னாரு.

வூட்டுக்குக் கொண்டாந்த வண்டியில பின்னாடி நானும் அவரும்தான். மூஞ்சி வரைக்கும் வெள்ளத் துணி மூடியிருந்தாங்க. பாய் ஸ்கூட்டர்ல பின்னாடி வந்துக்கினு இருந்தாரு. முதலியார்பேட்ட தெருவுல திரும்பும்போது டிரைவர் சொல்றாரு, "அம்மா, உங்க போன் அடிக்குது பாருங்க." போன் இல்ல. என் மடியில இருந்த பையி. அவசர அவசரமா துண்டப் பிரிச்சி எடுக்கறேன், அந்தப் பிரெஞ்சு இஞ்சின் நீளமா ஒரு ஊது ஊதிட்டு நின்னுச்சு. மூடியக் கழட்டி அந்த ஓட்டையில வெரல வச்சேன், வெதுவெதுன்னு ஈரமா இருந்துச்சு.

அப்பறம்தான் துணிய வெலக்கி அவரு மூக்குகிட்ட கைய வச்சேன். ஒன்னும் இல்ல. ஆனா அது ஊதுன நேரம் பூரா நான் பையத்தான் பாத்துக்கினு இருந்தேன் தம்பி, அவரப் பாக்கல. நெஞ்சு மேல அந்தத் துணி ஒரு தடவ ஏறுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. எறக்கி வச்சப்பறம் டிரைவரக் கேட்டேன், கண்ணாடியில ஏதாவது பாத்தியாப்பான்னு. அவரு ரோட்டப் பாத்துக்கினு இருந்தாராம்.