வெட்டிய மூச்சுகள்

ஞாயிறு மதியமானால் இதய டாக்டரம்மா மைக்கோடு துணி அலமாரிக்குள் புகுந்துவிடுவாள். தொங்கும் துணிகளுக்கு நடுவே எதிரொலி இருக்காதாம். அந்த வாரம் வந்த இதய மருத்துவ ஆய்வுகளை மற்ற டாக்டர்களுக்குச் சொல்லும் பாட்காஸ்ட் அது.

ஒலியைச் சுத்தம் செய்வது கணவன் வேலை. கட்டிலில் சாய்ந்து, காதில் ஹெட்போனை மாட்டினால் உலகமே மறந்துபோகும். ரத்தக்குழாய், வால்வு என்று அவள் பேசுவதில் பாதி அவனுக்குப் புரியாது. குரல் போதும், வெயில் விழுந்த ஜன்னலோரம் அப்படியே மிதப்பான். அவள் இழுக்கும் மூச்சுகளை மட்டும் பொறுக்கி வெட்டுவான். தூக்கிப்போட மனம் வராமல் தனியே சேர்த்தும் வைப்பான். பைத்தியக்காரப் பிரியம், வேறென்ன!

சமீபமாக வெட்டி மாளவில்லை. ஒரே மூச்சில் சொல்லும் வாக்கியத்தை இப்போது நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கேட்டால், "உள்ள ஒரே புழுக்கம்" என்பாள். அவன் நம்பவில்லை. நேரே சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாள். மூச்சுகளை மட்டும் கோத்துப் போட்டுக் காட்டினான்.

"தெரிஞ்சவங்க ஒருத்தர். கேட்டுச் சொல்லேன்."

அவள் கண்ணை மூடினாள்.

"படி ஏறிட்டு வந்து பேசினாங்களா?"

"உட்கார்ந்துதான்."

"படுத்தா மூச்சு முட்டுதா?"

"இப்பல்லாம் ரெண்டு தலகாணி வச்சுக்கறாங்க."

"கால் வீங்குதா?"

"பழைய செருப்பு இறுக்குதுன்னு புதுசு வாங்கினாங்க."

"என்னங்க நீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க! இவ்வளவு நாள் வீட்ல யாரும் கவனிக்கலையா?"

அவன் பார்வை வாசல் பக்கம் போனது. அவள் கண் திறந்தாள். வாசலில் அவளுடைய புதுச் செருப்பு கிடந்தது. அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"இதையெல்லாம் வெட்டிட்டா இருந்தீங்க?"

"அழகாக் கேக்கட்டுமேன்னு..."

"சரி, வண்டிய எடுங்க" என்றாள். அன்றே அட்மிட் செய்துவிட்டார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள்.

அடுத்த ஞாயிறு அலமாரிக்குள் அவன் போனான். துணிகளில் அவள் வாசனை. மைக் முன்னால் பேசிப் பழக்கமே இல்லை. "டாக்டரம்மாவுக்கு உடம்பு தேறிட்டு வருது. இந்த வாரம் ஆய்வு எதுவும் இல்லை" என்று மட்டும் சொன்னான். சொல்வதற்கு முன் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்திருந்தான். கேட்டுப் பார்த்தான். அதை வெட்டவில்லை.