மிளகு ஏற்றிய இரட்டை எஞ்சின்

“…பறந்து திரும்பி வந்தா அந்த ரூம் ஒங்களுக்கே. விழுந்தா நாளைக்கே என்ட தையல் மெஷின் அங்க வரும். தம்பி, நீங்கதான் சாட்சி,” என்று நானாவுக்கும் எனக்குமாகச் சொல்லிக்கொண்டே ராத்தா என் த்ரீவீலிலிருந்து இறங்கினார்.

கலேவெலப் பக்கம், அறுவடை முடிந்த வயல். மாத்தளையில் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கும் நானா, அவருடைய மனைவி ராத்தா, நான், அப்புறம் நானாவும் நானும் செய்த ரிமோட் விமானம். அதன் இறக்கை வண்டிக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்ததால் வழியெல்லாம் பஸ்காரர்களே எங்களைப் பார்த்து ஒதுங்கினார்கள். த்ரீவீல் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

வீட்டின் பின்னறையை நானா விமானத் தொழிற்சாலை ஆக்கிவிட்டார். அதனால், ஊருக்கெல்லாம் உடுப்புத் தைக்கும் ராத்தா சாப்பாட்டு மேசையில் தைத்தார். கறிக்குள் நூல் வந்தது. சண்டை அங்கேதான் ஆரம்பம்.

எதற்கு ரெண்டு எஞ்சின் என்று கேட்பவர்களுக்கு நானா சொல்லும் பதில்: “ஒண்டு நிண்டாலும் மத்தது வீட்டுக்குக் கூட்டிட்டு வரும்.” முதல் விமானத்தில் ஒன்று நின்றது. மற்றது அதை நின்றுபோன பக்கமாகவே சுற்றிச் சுற்றி இழுத்துப்போய்த் தென்னை மரத்தில் ஏற்றியது. அதற்குப் பிறகு மோட்டார்களை உடம்போடு நெருக்கி வைத்தோம், வால் சுக்கானைப் பெரிதாக்கினோம். இரண்டு விசிறியும் ஒரே பக்கம் சுற்றினால் மூக்கு இடது பக்கம் ஓடுகிறது என்று கண்டு, ஒன்றை எதிர்ப்பக்கம் சுழலவிட்டோம். யாரும் சொல்லித் தரவில்லை. உடைத்து உடைத்துப் படித்த படிப்பு.

இந்த விமானம், மீன் வரும் லேசான வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளை வெட்டி ஒட்டியது. இரண்டு இறக்கைக்கு அடியிலும் ஒவ்வொரு விரல் வைத்துத் தூக்கிப் பார்த்தால் வால் தாழ்ந்தது. மூக்கில் பாரம் வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஆணியைத் தேடியிருப்பார்கள். நானாவின் சட்டைப்பையில் ஆட்களுக்குக் காட்டவென்று சாம்பிள் மிளகு எப்போதும் கிடக்கும். அதை அள்ளி, மூக்கு சமமாகும்வரை உள்ளே கொட்டி மூடினார். உள்ளே மூக்கிலிருந்து வால்வரை ஒரே குழாய் என்பது இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் ஓடி எறிந்தேன். அடடா, என்ன அழகாக ஏறியது. இரண்டு மோட்டாரும் ஒரே சுருதியில் ரீங்கரித்தன. மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்கியதும் மிளகெல்லாம் வாலுக்கு உருண்டது போலும், விமானம் வானத்தைப் பார்த்து எழுந்து நின்றது. நின்றதும் வேகம் போய், தலைகுப்புற விழ வந்தது. மிளகு திரும்ப மூக்குக்கு ஓடியிருக்க வேண்டும். பாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி எழுந்து நின்றது. வயல் முழுக்கக் குதிரை ஓட்டம். ரிமோட்டைப் பிடித்த நானா, அது ஏறும்போது எம்பி, இறங்கும்போது குந்தி, அதோடு சேர்ந்து ஆடினார். வயல்காரர் வரம்பில் நின்று, இதுக்குக் குளிர்காய்ச்சலா என்று சிங்களத்தில் விசாரித்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் அது வைக்கோல் குவியலில் தலையைச் செருகியது. ஓடிப்போய்த் தூக்கினோம், ஒன்றும் உடையவில்லை. மூக்கு மூடி திறந்து மிளகு பொலபொலவென்று கொட்டியது.

“பறந்துதானே ஈக்கிது?” என்றார் நானா, என்னைப் பார்த்து.

சாட்சி நான் என்ன சொல்ல? பறந்தது, விழவும் விழுந்தது என்றேன். திரும்பி வர வேண்டும் என்பதுதான் பேச்சு என்று ராத்தா ஞாபகப்படுத்தினார். நானா இறக்கையிலிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு விமானத்தையே கழற்றத் தொடங்கினார். ரூம் போய்விட்டது என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

ராத்தா சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, “கழட்டாதீங்க,” என்றார்.

வியர்வை துடைக்க என் கழுத்தில் கிடந்த லேஞ்சித் துணியை உருவி, சிந்திய மிளகை அதில் அள்ளி, ஒரு மணிகூட அசையாதபடி இறுக்கி முடிந்து மூக்குக்குள் திணித்தார். பிறகு முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, காற்றுக்கு எதிராக வயலில் ஓட ஆரம்பித்தார்.